திருச்சியில் தம்பியின் நெற்றியைத் துடைத்த நாட்கள்

நான் எழுதுகிற ஆள் இல்லை. ஈப்போவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் பிள்ளைகளுக்கு மீ நூடுல்ஸும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் எடுத்துப் போடுகிறவள். ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினொன்றாம் வகுப்போடு, படிப்பு முடிந்தது. நான்கு பேர் சேர்ந்த இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அப்படிப்பட்டவள் பயணக் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. மற்றவர்கள் மலையும் மாளிகையும் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார்கள். நான் பார்த்தது ஒரு வார்டில் ஆறேழு தெருக்களும் ஓர் ஆற்றின் படித்துறையும்தான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனதற்குக் காரணம் அம்மா. மருங்காபுரிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி மலேசியா வந்து, ஒரு முறைகூடத் திரும்பிப் போகாமலே இறந்துபோனவர். அஸ்தியில் பாதியை இங்கேயே கடலில் விட்டோம். மீதியைக் காவேரியில் விட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதையும் குமரேசன் கையால் விட வேண்டும். குமரேசன் அம்மாவின் தங்கை மகன். இருபது வயதில் வேலைக்கு வந்து நான்கு வருடம் எங்கள் வீட்டில் தங்கியிருந்தவன். அம்மாவுக்கு மகன் இல்லை. அந்த நான்கு வருடத்தில் அவன் மகனாகிவிட்டான். எனக்கும் அவனை விட்டால் இரத்த சொந்தம் என்று வேறு யாரும் இல்லை.

அம்மா போய் ஏழு மாதம் கழித்து எனக்கு லீவு கிடைத்தது. போன பிறகுதான் தெரிந்தது, அவன் மாநகராட்சித் தேர்தலில் நிற்கிறான் என்று.

திருச்சி விமான நிலையத்தில் இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் மைலோ டப்பாவும் போர்வையும் வைத்திருந்தார்கள். நான் ஒரு சிறிய செம்பை வைத்திருந்தேன். வாயைச் சிவப்புத் துணியால் கட்டி, அம்மாவின் பழைய சேலையில் சுற்றிப் பையில் போட்டிருந்தேன். வெளியே குமரேசன் நின்றான். இருபது வருடத்தில் தலை நரைத்திருந்தது. நெற்றி முழுக்கக் குங்குமம், புருவம் வரைக்கும் வழிந்திருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன்.

“ஆரத்தி அக்கா. காலையில ரெண்டு தெரு போயிட்டு வரேன்” என்று சிரித்தான். பையைத் தொட்டுப் பார்த்தான். “பெரியம்மாவா?” என்றான். தலையாட்டினேன்.

அவன் கொண்டுவந்தது பிரசார ஆட்டோ. மேலே இரண்டு ஒலிபெருக்கி. டோல்கேட் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, ஒலிபெருக்கி தானாகப் பாட ஆரம்பித்துவிட்டது. டிரைவர் எதைத் திருகியும் நிற்கவில்லை. ‘உங்கள் வீட்டுப் பிள்ளை குமரேசனுக்குக் குழாய்ச் சின்னத்தில்’ என்று ஒரு பெண் குரல் கத்த, மடியில் அம்மாவை வைத்துக்கொண்டு நான் வீடு வந்து சேர்ந்தேன். வழியில் ஒருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார்.

வீடு பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில். முன்னால் தகரக் கொட்டகை. அதில்தான் அவன் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். அந்த வார்டில் யார் வீட்டு ஆழ்குழாய் மோட்டார் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். எந்தக் கட்சியும் சீட் கொடுக்காததால் சுயேச்சை. அவன் மனைவி லூர்து பள்ளி ஆசிரியை, கத்தோலிக்கக் குடும்பம். அது எங்களுக்கு முன்பே தெரியும். அம்மா அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. “நல்லா சமைப்பாளாமே” என்பார், அவ்வளவுதான்.

லூர்து வாசலுக்கு வந்து பையை வாங்கப் போனாள். “உள்ள கொண்டாங்க அண்ணி. பீரோ மேல வெச்சுக்கலாம்” என்றாள்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். பன்னீர் என்று பெயர். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குமரேசனுக்கு ஓட்டுக் கணக்கு எல்லாம் அவர்தான்.

“ஏம்மா, தெரிஞ்சுதான் பேசறியா? அஸ்திய யாராச்சும் வீட்டுக்குள்ள வெப்பாங்களா? பாரு, இவங்களுக்கு வழக்கமே தெரியலன்னு நாளைக்கே ஊரு பேசும். வெளியில மாட்டுங்க.”

எங்கள் ஊரிலும் வீட்டுக்குள் வைப்பதில்லை. அதனால் அவர் சொன்னது தவறாகப் படவில்லை. ஆனால் ‘இவங்களுக்கு’ என்று அவர் ஏன் சொன்னார் என்று மட்டும் யோசித்தேன். செம்பைக் கொட்டகையில் ஒரு கொக்கியில் மாட்டினோம். சுற்றிலும் செப்புக் கம்பிச் சுருள்கள் தொங்கின. அன்று மாலை இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்து பார்த்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரசாரத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைக்க லூர்து விடியற்காலையில் என்னைக் காந்தி மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனாள். எங்கள் ஊர்ச் சந்தையில் எல்லாம் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கியிருக்கும். இங்கே முட்டைக்கோஸ் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, மனிதர்கள் இடுக்கில் நடக்கிறார்கள். சுமை தூக்குகிறவர் ஒருவர் லூர்துவைப் பார்த்து, “டீச்சர், உங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம்னு நேத்து ஒரே சண்டை இங்க” என்றார்.

“எந்தப் பக்கம்னு சொன்னீங்க?” என்றாள் லூர்து.

“நான் மூட்டை தூக்கறவன் டீச்சர். இது எந்தச் சாமிக்குப் போற பூசணிக்கான்னு கேட்டுட்டா தூக்கறேன்?”

லூர்து சிரித்தாள். ஆனால் மீதிக் காய்களை விலை பேசாமலே வாங்கினாள்.

ஒன்பது மணிக்குத் தெருவுக்குக் கிளம்பினோம். அப்போதுதான் என் வேலை என்ன என்று பன்னீர் சொன்னார். கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே ஈரத் துண்டு இரண்டு, தண்ணீர் பாட்டில் ஒன்று.

“அம்மா, நீங்க கூடவே வாங்க. இந்தத் தெருவுல பொட்டு வெப்பாங்க, அடுத்த தெருவுல விபூதி பூசுவாங்க. மாதா கோயில் தெருவுக்கு முன்னாடி நல்லா தொடைச்சு விட்ருங்க. பள்ளிவாசல் தெருவுக்கும் அப்படித்தான். உங்க தம்பி நெத்தி பொது நெத்தி.”

எங்கள் ஊரிலும் தேர்தல் நேரத்தில் வேட்பாளர் கோயிலுக்கு வருவார், மாலை போட்டுக்கொள்வார். அவர் எந்த மதம் என்று பெயரிலேயே எல்லாருக்கும் தெரியும். மாலை மரியாதைக்கு என்பதும் தெரியும். மாலையைக் கழற்றிவிட்டு அவர் தன் வழிக்குப் போவார். இங்கே ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் தட்டில் மஞ்சள் நீரும் சூடமும் வைத்து மூன்று சுற்றுச் சுற்றி, விரலால் தொட்டு நெற்றியில் அழுத்திவிடுகிறாள். பத்து வாசலுக்குள் நெற்றி கனத்துவிடும். தெருமுனையில் குமரேசன் என் பக்கம் குனிவான். நான் துடைப்பேன். சின்னப் பிள்ளைக்கு முகம் துடைப்பது போல இருக்கும். மூன்று தெருவுக்குப் பிறகு அவன் குனியும்போது கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டான்.

ஒரு வாசலில் ஒரு பெண் தட்டை எடுக்காமல் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “ஏந்தம்பி, குழாய்க்குப் போட்டா குழாயில தண்ணி வருமா, இல்ல காத்துதான் வருமா?”

“காத்து வந்தா எனக்கு போன் பண்ணுங்கக்கா. நானே வந்து பாக்கறேன்.”

“இப்ப வருவே. ஜெயிச்சா கார்லல்ல வருவே” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவனுக்குப் பேச வருகிறது. எங்கள் வீட்டில் இருந்தபோது அம்மாவிடம் மட்டும்தான் பேசுவான்.

மாதா கோயில் தெருவில் ஆரத்தி இல்லை, தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ஒரு வயதான பெண்மணி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அருளம்மா என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் கும்பிட்டான். அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

மதியம் கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. தனியாக ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். வாழைப்பூக் கூட்டு நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு இனிப்பு ஏறிவிடும். பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கொழாக்காரன் என்ன சாமி கும்புடறான்னே தெரியலையேப்பா.”

“எதக் கும்புட்டா என்ன? ராத்திரி பத்து மணிக்கு மோட்டார் நின்னாலும் வரான்ல?”

“வரான், இல்லேங்கல. ஆனா மறைக்கறான்ல. பேரு குமரேசன். மாதா கோயில்ல பேரு சூசையாம். இத மறைக்கறவன் நாளைக்கு ரோடு போட்ட கணக்கயும் மறைப்பான்.”

“சரி, வெளிப்படையாச் சொன்னா நீ போட்ருவியா?”

முதல் ஆள் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். மோர் ஊற்றச் சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்த லூர்துவிடம், சூசை என்கிற பேர் உண்மையா என்று கேட்டேன். அந்த ஊரில் நான் தைரியமாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவள் கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஆமா அண்ணி. ஞானஸ்நானம் வாங்கிட்டார். கல்யாணத்துக்காக இல்ல. கல்யாணம் ஆகி ஆறு வருஷம் கழிச்சு, அவரா கேட்டு. நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“எங்களுக்குச் சொல்லலையே?”

“பெரியம்மாகிட்ட சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் போன் எடுப்பார். அவங்க உடனே, ‘கண்ணு, ஆத்துல என்னை நீதான் விடணும்’பாங்க. சரி பெரியம்மான்னு சொல்லிட்டு வெச்சுடுவார்.”

அம்மா அந்தப் போன் பேச்சை முடித்துவிட்டு வந்து எப்படிச் சிரிப்பார் என்று எனக்குத் தெரியும். அவன் சொன்ன அந்தச் ‘சரி’யை நம்பித்தான் கடைசி நாட்களில் தைரியமாக இருந்தார். எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் மாறியதற்காக அல்ல. அதைச் சொல்லாமல் எங்களை வெளியே நிறுத்தி வைத்ததற்காக.

அன்று இடியாப்பம் சாப்பிடும்போது பன்னீர் வந்தார். கடைத்தெருவில் ஓடுகிற பேச்சு அவர் காதுக்கும் வந்திருந்தது.

“கடவுளாப் பாத்துத்தான் அஸ்தியோட இந்த அம்மாவ அனுப்பிருக்காரு. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணி, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. குமரேசன் சட்டை இல்லாம வேட்டியோட தண்ணில நிக்கணும். ஐயர் மந்திரம் சொல்லணும், இவரு திருப்பிச் சொல்லணும். போட்டோக்காரன் நம்ம ஆளு. ஒரே ஒரு போட்டோ, அப்புறம் சூசையாவது கீசையாவது.”

குமரேசன் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டு, “பாக்கலாம்ண்ணே” என்றான். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அம்மா ஆசைப்பட்டது நடக்கப்போகிறது. நான் சந்தோஷப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமை படித்துறையில் ஏற்பாடு செய்வதற்காக ஸ்ரீரங்கம் போகக் கிளம்பினேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் எண் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். அது மத்திய பேருந்து நிலையத்தில் போய் நின்றது. ஒரே எண் பஸ் இரண்டு பக்கமும் போகும் என்பது எனக்குத் தெரியாது. கண்டக்டர், “ஏறும்போதே கேக்கக்கூடாதாம்மா? வாய் இல்லையா?” என்றார். இருக்கிறது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அங்கே ஏறிய ஒரு மாமிதான், “எழுந்துக்காதீங்கோ. இதே வண்டிதான் ஸ்ரீரங்கம் போறது” என்று பக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சராம். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு. இனி பார்க்கப்போவதில்லை என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பேச வரும். தேர்தலில் நிற்கிறவர் தன் சாமி எது என்று வெளியில் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். “எங்காத்துல எல்லாருமே நெத்தியில போர்டு மாட்டிண்டு அலையறவாதான். ஆனா ஓட்டுக்கு நான் அதைப் பாக்கறதில்லே. எங்க வீதிக்கு ரெண்டு வருஷமா சாக்கடை அடைப்பு. அதை எவன் எடுக்கறானோ அவனுக்கு.”

“அப்ப சொல்ல வேணாமா?”

“கேக்காதவா கிட்டப் போய்ச் சொன்னா விளம்பரம். கேக்கறவா கிட்ட மறைச்சா பொய். இது என்ன பெரிய விஷயம்? ஆனா மனுஷாளுக்குக் கேக்கவும் பயம், சொல்லவும் பயம். யாருக்காகக் கேக்கறேள்?”

“சும்மாதான்” என்றேன்.

“சும்மா கேக்கற மூஞ்சி இல்லையே” என்றார். அதற்குள் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. “பெருமாளைச் சேவிச்சுட்டுப் போங்கோ” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அம்மா போய் வருடம் திரும்பாததால் நான் கோயிலுக்குள் போகவில்லை. ராஜகோபுரத்தை ஒரு பழக்கடை ஓரமாக நின்று பார்த்தேன். எல்லாரும் ஏதோ ஒரு குடும்பத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

அம்மா மண்டபத்தில் ஒரு சாஸ்திரிகள் கிடைத்தார். கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

“மலேசியாக்காரா எல்லாரும் இதையேதான் சொல்றேள். சிவ கோத்ரம்னு வெச்சுக்கலாம். யார் பண்றா? பிள்ளையா?”

“தங்கச்சி மகன்.”

“வருவாரோல்லியோ? சில பேர் கடைசி நிமிஷத்துல வராம இருந்துடறா. வரலைன்னா நீங்களே பண்ணலாம். பெத்த பொண்ணுக்கு என்ன தடை?”

சாயங்காலம் மறுபடி துணிப்பையோடு தெருவுக்குப் போனேன். பிள்ளையார் கோயில் தெருவில் கூட்டம் அதிகம். விபூதியை நெற்றி முழுக்கப் பட்டையாகப் பூசி நடுவில் குங்குமம் வைத்து அனுப்பினார்கள். அடுத்தது மாதா கோயில் தெரு. முனையில் குமரேசன் வழக்கம்போல் என் பக்கம் குனிந்து கண்ணை மூடினான்.

“துண்டு காஞ்சு போச்சு” என்றேன்.

காயவில்லை. பைக்குள் சொட்டச் சொட்ட இருந்தது. ஒரு நாளாவது இந்த முகத்தோடு அந்தத் தெருவுக்குள் போகட்டும் என்று நினைத்தேன். என்னைவிட அதிகம் கூச்சப்படட்டும் என்றும் நினைத்தேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து நடந்தான்.

நான்கு வீடு தாண்டினோம். ஐந்தாவது வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு அருளம்மா தெருவுக்கே வந்தார். சேலைத் தலைப்பை எடுத்து அவன் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

“என்னய்யா சூசை இது? உன் ஞானஸ்நானத்துல உனக்கு ஞானத்தாயா நின்னவ நான். நெத்தியில தண்ணி ஊத்தறப்போ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தேன். அந்த நெத்தியோடயா இப்படி வர்றது?”

குரல் பெரிய குரல் இல்லை. ஆனால் தெரு அமைதியாகிவிட்டது. ஒலிபெருக்கி மட்டும் உங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒரு கை செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தது. அருளம்மா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, ஓட்டு முடியற வரைக்கும் பேசாதீங்கன்னு டீச்சர் சொல்லிருந்துச்சே. மனசு கேக்கலப்பா” என்றார். குமரேசன் அவர் கையைப் பிடித்து, “பரவால்லம்மா” என்றான்.

வீட்டுக்கு வருவதற்குள் அந்த வீடியோ வார்டு முழுக்கப் போய்விட்டது. பன்னீர் கொட்டகையில் அங்கும் இங்கும் நடந்தார். “இனிமே நாளைக்குக் காலைல எடுக்கற போட்டோ ஒண்ணுதான் வழி. மந்திரம் சொல்றதயே வீடியோ எடுத்துரலாம். கிழவிக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்.” சொல்லிவிட்டுப் போட்டோக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

நானும் குமரேசனும் மட்டும் இருந்தோம். அவன் ஒரு மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தான், கை சும்மா இருக்கக்கூடாது என்பதுபோல.

“துண்டு ஈரமாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“தெரியும்க்கா.”

“ஏன் எங்ககிட்ட சொல்லல?”

“பயம்தான். பெரியம்மா இனிமே கண்ணுன்னு கூப்பிட மாட்டாங்களோன்னு.” கொஞ்ச நேரம் ஸ்குரூவைத் திருகினான். “இவங்க பொட்டு வெக்கறது அவங்க பிரியம் அக்கா. அதுல எனக்கு ஒண்ணும் ஒட்டிக்காது. நான் நெத்தியக் காட்டிட்டு நிக்கறேன், அவ்வளவுதான். ஆனா மந்திரம் நான் வாயால சொல்லணும். நம்பாம சொன்னா பெரியம்மாவயே ஏமாத்தற மாதிரி. நம்பற மாதிரி சொன்னா...” ஸ்குரூவைக் கீழே வைத்தான். “நீங்க செய்யின்னு சொன்னா செய்யறேன். பெரியம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மணி அடித்தபோது லூர்துவும் அவனும் காலைப் பூசைக்குக் கிளம்பிப் போனார்கள். இத்தனை நாளில் அவன் ஒளிந்து போகாமல் வாசல் வழியாக அதற்குப் போனது அன்றுதான் முதல்முறையாம். லூர்து பிறகு சொன்னாள். அவர்கள் தெரு திரும்பியதும் நான் கொக்கியிலிருந்து செம்பை எடுத்தேன். ஒரு ஆட்டோ பிடித்து அம்மா மண்டபம் போய்விட்டேன். பன்னீர் சொன்ன எட்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நான் முடித்துவிட்டால் அவன் பொய் சொல்ல வேண்டாம், அம்மாவும் தேர்தல் படத்தில் நிற்க வேண்டாம்.

காவேரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். படியில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு பேர், ஆறு பேர். ஒருவர் அழுதால் ஒருவர் தோளைப் பிடிக்கிறார். சாஸ்திரிகள் என் பின்னால் பார்த்தார்.

“கூட யாரும் வரலையா?”

“இல்லைங்க.”

அவர் மேலே கேட்கவில்லை. மெதுவாக, துண்டு துண்டாக மந்திரம் சொன்னார். நான் தப்புத் தப்பாகத் திருப்பிச் சொன்னேன். பிண்டம் வைத்தேன். எள்ளும் தண்ணீரும் விட்டேன். தண்ணீரில் இறங்கித் திரும்பி நின்று, செம்பைப் பின்பக்கமாகக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்தேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்றார். பார்க்கவில்லை. செம்பையும் விட்டுவிட்டேன். கீழ்ப்பக்கம் யாரோ தண்ணீரில் நடந்து வந்து அதை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. அம்மா சொன்னது அவன் கையால். விட்டது என் கை. அதற்காக மன்னிப்புக் கேட்க நினைத்தேன், எந்த மொழியில் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

படியேறும்போது பன்னீரும் போட்டோக்காரரும் வந்தார்கள். என் ஈரச் சேலையையும் வெறுங்கையையும் பார்த்தார் பன்னீர். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னம்மா இது? ஓட்டயும் சேத்துல்ல கரைச்சுட்டு வந்துட்டீங்க.”

கேலியா கோபமா என்று தெரியவில்லை. போட்டோக்காரர் வந்ததற்கு ஆற்றை ஒரு படம் எடுத்துக்கொண்டார். நான் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கி அங்கே நின்ற மாட்டுக்குக் கொடுத்தேன். பிறகு ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். “எத்தனை பேரும்மா?” என்றார் பரிமாறுகிறவர். ஒரு விரலைக் காட்டினேன்.

பாலக்கரை திரும்பியபோது குமரேசன் பிள்ளையார் கோயில் தெருவில் இருந்தான். பின்னால் வந்த கூட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓரமாக இறங்கினேன். வெள்ளிக்கிழமை காலிக் குடத்தோடு வந்த அதே பெண், இன்று ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். தட்டைச் சுற்றாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“தம்பி, செல்லுல வந்தது நெசமா?”

“நெசம்தான்க்கா. நான் கிறிஸ்தவன். பத்துப் பன்னெண்டு வருஷமா.”

“அப்புறம் எதுக்கு நேத்து வரைக்கும் நெத்தியக் காட்டுன?”

“நீங்க வெச்சீங்க, வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்கு முன்னாடி யாரும் என்கிட்ட நேரா கேக்கவும் இல்ல.”

“கேக்கலேன்னா சொல்லக்கூடாதா?”

“சொல்லிருக்கணும்க்கா.”

அந்தப் பெண் தட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். மூன்று சுற்றுச் சுற்றினார். நெற்றியில் வைக்கவில்லை. தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, “மோட்டார் வெள்ளிக்கிழமையிலேர்ந்து முனகுது. வந்து பாரு” என்று சொல்லி உள்ளே போனார். எதிர்வீட்டுக் கதவு இவன் வருவதற்கு முன்பே சாத்திக்கொண்டது. அதற்கடுத்த வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். யார் எங்கே போடுவார்கள் என்று பன்னீராலேயே அன்று சொல்ல முடியவில்லை. வாக்குப்பதிவுக்கு ஆறு நாள் இருந்தது.

குமரேசன் என்னைப் பார்த்து வந்தான். என் சேலை ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது.

“முடிஞ்சுதாக்கா?”

“முடிஞ்சுது. உனக்குச் சங்கடம் வேணாம்னு நானே...”

அவன் தலைகுனிந்துகொண்டான்.

“பூசை முடிஞ்சு ஓடி வந்தேன். கொக்கியில இல்ல. அக்கா, மந்திரம் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னேன். பக்கத்துல நிக்க மாட்டேன்னா சொன்னேன்? செம்ப ஒரு கை நானும் பிடிச்சிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க.”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஏழு மாதமாகச் சுமந்தபோதும் தோன்றவில்லை. படித்துறையில் அத்தனை குடும்பங்களுக்கு நடுவில் நின்றபோதும் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் அந்தத் தெருவில், ஊற்றிய ஆரத்தித் தண்ணீர் காய்கிற வரை நின்றோம்.

மறுநாள் திங்கட்கிழமை. லூர்து பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டு என்னை விமான நிலையத்தில் விட்டாள். குமரேசன் ஆரத்தி சுற்றிய அந்தப் பெண் வீட்டு மோட்டாரைப் பார்க்கப் போயிருந்தான். விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது.